முன்விளிம்பு தையல் ஒருவழியா முடிஞ்சுது (1896 பிரஷ்ய பிக்கல்ஹௌபே)

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு கடைசி முடிச்சு போட்டேன். மூணாவது தடவை! நாலு மாசமா மேசை மேல கிடந்த பிக்கல்ஹௌபே, அதாவது உச்சியில கூம்பு வெச்ச பழைய ஜெர்மன் ராணுவ தோல் ஹெல்மெட்டுக்கு முன்விளிம்பு இப்பதான் ஒழுங்கா நிக்குது, கைய எடுத்தாலும் தொங்கல.

ஜெர்மனியில காஸல் பக்கத்துல ஒரு பழைய சாமான் சந்தையில வாங்கினது. காலாட்படை சிப்பாயோடது. கூம்பு, கழுகு, பக்கத்துக் குமிழ் ரெண்டும் இருந்துச்சு, பின்பக்கம் மேலேர்ந்து கீழ ஓடற பித்தளைத் தண்டுல காத்துத் துளையோட மூடி கூட இன்னும் நகருது. முன்விளிம்பு மட்டும் ஒரு ஓரத்துல நாலு தையல்ல ஊசலாடிட்டு இருந்துச்சு, அதனாலதான் விலை எனக்கு எட்டுச்சு. கழுத்து மறைப்புக்கு அடியில டார்ச் அடிச்சா பி.ஏ.ன்னு முத்திரை, ரோமன் எண்ல பதினொண்ணு, கீழ 1896. அப்படின்னா பதினோராவது ஆர்மி கோரோட (படைப்பிரிவு) உடுப்புக் கிடங்கு, அந்தக் கோருக்கு தலைமையிடமே காஸல்தான். இத்தனை வருஷம் கழிச்சும் சொந்த ஊர்லயே இருந்திருக்குன்னு தெரிஞ்சதும் பேரம் பேசவே மனசு வரல.

போட்டோ பாத்த நண்பர் ஒருத்தர், 1896 ஹெல்மெட்ல எப்படி ரெண்டு கொகார்டே (பக்கவாட்டுல மாட்டற வண்ண வட்டம்), யாரோ சேத்துட்டாங்கன்னு சொன்னார். சேத்ததுதான், ஆனா பட்டாளமே சேத்தது. ஜெர்மன் பேரரசோட கறுப்பு வெள்ளை சிவப்பு வட்டம் 1897 மார்ச் 22, பேரரசர் முதலாம் வில்ஹெல்மோட நூறாவது பிறந்தநாளுக்குத்தான் வந்துச்சு, ஏற்கனவே புழக்கத்துல இருந்த ஹெல்மெட்டுக்கும் மாட்டினாங்க. ஒரே ஒரு கொகார்டேயோட இருந்திருந்தாதான் எனக்கு இன்னும் சந்தோஷம், ஆனா இதுவும் அசல்தான்.

சரி தையலுக்கு வரேன். பிரச்சனை என்னன்னா தோல் சுருங்கிடும், அதுவும் உடம்பு ஒரு அளவு முன்விளிம்பு ஒரு அளவுன்னு சுருங்கும். எனக்கு மொத்தத்துல நாலு மில்லிமீட்டர் பத்தல. முதல் தடவை இடது ஓரத்துல ஆரம்பிச்சு தைச்சுக்கிட்டே போனேன், பாதி வரைக்கும் அழகா வந்துச்சு, வலது பக்கம் போகப்போக துளைக்கும் துளைக்கும் சம்பந்தமே இல்லாம கடைசியில மூணு துளை சும்மா நின்னுச்சு, அத்தனையும் பிரிச்சேன். ரெண்டாவது தடவை நூல்ல கோட்டை விட்டேன். பாலியெஸ்டர் நூல், அறவே அறுகாது, ஆனா நூல் அறுகலன்னா தோல்தான் அறுகும். இழுத்து இறுக்கினப்ப ரெண்டு துளைக்கு நடுவுல இருந்த தோல் ‘சட்’னு கிழிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, நூறு வருஷத்துக்கு மேல தாங்கின தோல் என் கையில கிழிஞ்சுதேன்னு.

இந்தத் தடவை ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுல ஈர ஸ்பாஞ்ச் வெச்சு, ஹெல்மெட் அதுல படாம மேல ஒரு கம்பித்தட்டுல ரெண்டு நாள் வெச்சேன். தண்ணிய நேரா தடவவே தடவாதீங்க, கறுப்பு அரக்குப் பூச்சு வெளுத்துப் போயிடும். தோல் லேசா இளகினதும் துணி சுத்தின கிளிப் போட்டு நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்தேன். நூல் மெல்லிசு லினன், தேன்மெழுகு தடவினது, புத்தக பைண்டிங் சாமான் விக்கற கடையில கிடைச்சுது, தோல் கடையில விக்கறதெல்லாம் இதுக்கு ரொம்ப தடிமன். ஒரே நூல்ல ரெண்டு ஊசி, நடுத் துளையில ஆரம்பம், இடது ஒண்ணு வலது ஒண்ணு. முக்கியமான விஷயம், முதல் சுத்துல எதையும் இறுக்கவே கூடாது, எல்லாத் துளையிலயும் நூல் போனப்புறம் மறுபடி நடுவுலேர்ந்து மெதுவா இறுக்கிட்டு வரணும். குத்தூசியத் தொடவே இல்ல. பழைய துளை மட்டும்தான், புதுசா ஒரு துளை போட்டா கூட அது பொய் ஹெல்மெட் ஆயிடும்ங்கறது என் கட்சி.

இங்கோல்ஷ்டாட்ல இருக்கற பவேரிய ராணுவ மியூசியத்துக்குப் போனப்ப மத்தவங்க பளபளப்பான கூம்பப் பாத்துட்டு இருந்தாங்க, நான் கண்ணாடில மூக்க ஒட்டி தையல எண்ணிட்டு நின்னேன். அந்த நெருக்கம் எனக்கு இன்னும் கை வரல.

பித்தளையில பச்சைக் களிம்பு இருக்கு, மூங்கில் குச்சியால சுரண்டறதோட சரி. நம்ம வீட்டு குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்ச்சா பளிச்னு வரும், ஆனா அந்த மங்கலான நிறம் திரும்ப வரவே வராது. கழுகோட இறக்கைக்குக் குறுக்கே ‘கடவுளோடு, அரசனுக்காகவும் தந்தைநாட்டுக்காகவும்’னு பட்டை ஓடுதுல்ல, அந்த எழுத்துக்கு நடுவுல இருக்கற அழுக்கக் கூட விட்டுட்டேன்.

கழுகு வாங்கறவங்க பின்னாடி திருப்பிப் பாத்துட்டு வாங்குங்க. ஒரு வியாபாரி எனக்கு போன வருஷம் அனுப்பினது புதுசா அடிச்ச நகல், அமிலத்துல முக்கி பழசாக்கியிருந்தார், கேட்டதுக்கு பதிலே இல்ல. இந்த ஹெல்மெட்ல கழுகுக்குப் பின்னாடி ரெண்டே துளை, கழுகோட முதுகுல இருக்கற வளையமும் துளையும் சரியா பொருந்துது, அதனால நிம்மதி. கழுகு கழண்டு வராம வளையத்துக்குள்ள செருகற தோல் ஆப்பு ஒண்ணு மட்டும் காணோம், அத செதுக்கணும்.

அடுத்து தலையில படற உள்பக்கத் தோல் நாக்குகள். ஒன்பதுல அஞ்சுதான் மிச்சம், அத இன்னும் தொடல. அதுக்குள்ள கூம்புக்குப் பதிலா உருண்டை வெச்ச பீரங்கிப்படை ஹெல்மெட் ஒண்ணு எர்ஃபுர்ட்ல விலைக்கு வந்திருக்கு, விளிம்பெல்லாம் கெட்டியா இருக்காம், சனிக்கிழமை போய் பாக்கப் போறேன். கிளிப் எல்லாம் இன்னும் ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும், எடுத்ததும் போட்டோ போடறேன்.