உறுமினால் சந்தோஷப்படும் வேலை

விலங்குக் காப்பகத்தில் வேலை என்றதும், "நாயோட விளையாடறதுக்குச் சம்பளமா?" என்று கேட்பார்கள். பாதி நாள் கூண்டு கழுவுவதிலேயே போய்விடும். மீதியில் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன். அதுதான் கஷ்டமான பகுதி.

டைகர் ராஜபாளையம் வகை நாய். தோட்டக் காவலுக்கென்று சங்கிலியிலேயே வளர்த்து, வேண்டாம் என்றதும் ரோட்டில் விட்டிருக்கிறார்கள். கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்து புண்ணாகியிருந்தது. வெள்ளை நாய்களில் சில பிறவிச் செவிடாக இருக்கும்; ராஜபாளையத்திலும் உண்டு. டாக்டர் முதலில் பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தார். காது சட்டென்று திரும்பியது. சரி, கேட்கிறது. அப்படியென்றால் பயம்தான்.

ஆளைக் கண்டால் மூலையில் ஒடுங்குவான். கதவைத் தொட்டால் பாய்வான். துடைப்பத்தைப் பார்த்தால் இன்னும் மோசம். எதை வைத்து அவனை அடித்தார்கள் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. எங்களுக்குக் கிலி கொடுத்தது என்னவென்றால், அவன் உறுமவே மாட்டான். சத்தமே இல்லாமல் கடிப்பான். உறுமியதற்கெல்லாம் உதை வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. எச்சரிக்கை போய் கடி மட்டும் மிஞ்சும்.

"நாமதான் தலைவன்னு காட்டணும் சார்" என்று அறிவுரை சொல்ல ஒருவராவது வந்துவிடுவார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே கூண்டில் அடைத்துவைத்து, அவை தலைமைக்குச் சண்டை போட்டதைப் பார்த்து, நாய்க்கும் பொருத்திய கருத்து அது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் என்பவரே 1999-இல், காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான் என்று எழுதிவிட்டார். நம் ஊரில் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

டைகருக்கு நாங்கள் கொடுத்தது அவித்த கோழி. கூண்டுக்கு வெளியே, பக்கவாட்டாகத் திரும்பி, அவன் கண்ணைப் பார்க்காமல் உட்காருவேன். நான் வந்து உட்கார்ந்த பிறகுதான் கறி விழும். எழுந்து போனால் கறியும் நின்றுவிடும். இந்த வரிசை மாறக்கூடாது. கறியை முதலில் காட்டிவிட்டு ஆள் வந்தால், கொஞ்ச நாளில் கறியைக் கண்டாலே நாய் பயப்படும். எவ்வளவு தூரத்தில் உட்காருவது என்பதையும் அவன்தான் சொல்வான். கோழியைத் தொடாமல் உதட்டை மட்டும் நக்கிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தான் என்றால், நான் ரொம்பக் கிட்டே வந்துவிட்டேன் என்று அர்த்தம். பின்னால் நகர வேண்டியதுதான்.

தீபாவளி வந்தது. முக்கால்வாசி பாடு பட்டாசோடு போயிற்று. திரும்பவும் தூரத்திலிருந்து ஆரம்பித்தோம்.

ஒருநாள் சமையல்கார அக்கா கையில் துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போனார். உள்ளிருந்து அடித்தொண்டையில் ஒரு "கர்ர்ர்". "அக்கா, உறுமிட்டான்!" என்று நான் கத்த, "அதுக்கு ஏன்ப்பா இப்படிச் சிரிக்கிற?" என்றார். துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டுத் தள்ளிப் போகச் சொன்னேன். போனார். உறுமினால் ஆள் விலகுவார்கள், கடிக்கத் தேவையில்லை என்று அன்றைக்கு அவனுக்கு முதல் பாடம். அதற்கப்புறம் அவன் உறுமும்போதெல்லாம் நாங்கள் செய்துகொண்டிருந்ததை நிறுத்தினோம். உறுமுவது தானாகவே குறைந்தது.

கடிக்காமலிருக்க வாயில் மாட்டும் வாய்க்கூடைக்கும் இதே வழிதான். கூடைக்குள் ஈரலைத் தடவி வைத்து, அவனாக மூக்கை நுழைக்கும்வரை காத்திருந்தோம். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை நம் வெயிலுக்கு ஆகாது. நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். இப்போது கூடையோடு வெறிநாய்த் தடுப்பூசிக்கு நிற்கிறான். என்னிடமும் அக்காவிடமும் காது சொறியக் கொடுப்பான். வேறு யாரும் தொட முடியாது. எனக்கு இது போதும்.

போன மாதம் ஒரு குடும்பம் அவனைத் தத்துக் கேட்டு வந்தது. வீட்டில் நடை பழகும் குழந்தை. முடியாது என்றேன். சாதுவான நாட்டு நாய் ஒன்றைக் கூட்டிவந்து காட்டினேன். குழந்தையின் கையை நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. அவர்களுக்கு ராஜபாளையம்தான் வேண்டுமாம். தோட்டத்துக்குக் காவல் வேண்டுமாம்.