புகைக்கு முகம் சுளிக்கும் பெண்

மூன்று நாளாக ஒரே படத்தைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜப்பானில் 1790களின் நடுவில் கிதகாவா உதமாரோ வரைந்த சமையலறைக் காட்சி, இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முழுப் படம். ஒருத்தி குந்தி உட்கார்ந்து மூங்கில் ஊதுகுழலால் அடுப்பை ஊதுகிறாள், அந்தப் புகை நேராகப் போய் வெந்நீர் மொள்ளுகிறவள் முகத்தில் அடிக்க, அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு தலையைத் திருப்புகிறாள். அடுத்த தாளில் ஒருத்தி காய்க்குத் தோல் சீவுகிறாள், இன்னொருத்தியைப் பாத்திரம் துடைக்க விடாமல் குழந்தை தொற்றிக்கொண்டிருக்கிறது. அழகிகளை வரைவதில் பேர்போன ஆள் உதமாரோ. ஆனால் எனக்கு அவருடைய அலங்காரப் பெண்களைவிட இந்தச் சுளித்த முகம்தான் பிடித்திருக்கிறது.

உக்கியோ-எ, அதாவது இந்த மாதிரி மரப்பலகையில் அச்சிட்ட பழைய ஜப்பானியப் படங்கள் என்றாலே ஹொக்குசாய் என்ற ஓவியரின் பேரலைப் படம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சரி, நல்ல படம்தான், ஆனால் டீ கப் முதல் டீ ஷர்ட் வரை பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இந்தச் சமையலறைப் படத்தை உதமாரோ ஒரு ஆளாகச் செய்யவில்லை. அவர் மெல்லிய தாளில் கோட்டோவியம் போட்டுத் தருவார், அதைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் செதுக்கி எடுப்பார்கள், மூல ஓவியம் அதோடு காலி. அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒரு பலகை. தாள் நகர்ந்தால் நிறம் கோட்டை விட்டு வெளியே போய்விடும் என்பதால் ஒவ்வொரு பலகையிலும் ஒரே இடத்தில் அடையாள வெட்டு இருக்கும், தாளின் மூலையை அதில் பொருத்திவிட்டுத் தேய்த்து அச்சு எடுப்பார்கள். இப்படிப் பல வண்ணத்தில் அச்சிடுவது 1765 வாக்கில்தான் பரவியது.

முடியைப் பாருங்கள். நெற்றியோரம் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிகிறது. ஒரு இழை நிற்க வேண்டுமானால் அதன் இரண்டு பக்கத்து மரமும் போக வேண்டும், கத்தி கொஞ்சம் பிசகினால் இழையே இல்லை. அதனால் தலையும் முகமும் கை தேர்ந்த மூத்தவருக்கு, உடைகளெல்லாம் சீடர்களுக்கு என்று பிரித்துக்கொள்வார்களாம்.

தாளில் உதமாரோவின் கையெழுத்து இருக்கிறது, பதிப்பாளர் முத்திரை இருக்கிறது. செதுக்கியவர் பெயரைத் தேடினேன், எங்கேயும் இல்லை.