பிச்சாவரம் போகிறோம்: ஒரு சிறப்பு ஆசிரியையின் நாட்குறிப்பு

ஜனவரி 27, 2025, திங்கள்

தலைமையாசிரியர் சரி என்று சொல்லிவிட்டார். எட்டாம் வகுப்பிலிருந்து 22 பேர், ஒரு நாள், பிச்சாவரம் அலையாத்திக் காடு. அதில் ஐந்து பேர் என் பிள்ளைகள். அப்படி எழுதும்போதே உறுத்துகிறது. பதிவேட்டில் அவர்கள் பெயரும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் எங்கேயாவது கிளம்புவது என்றால் மட்டும் "உங்க பிள்ளைங்களை என்ன செய்யலாம் மிஸ்" என்று என்னிடம் கேட்பார்கள்.

பிள்ளைகளின் பெயரை இங்கே எழுத மாட்டேன். நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர்கள் போதும். மைனாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, வாய் ஓயாது. கொக்கு ஆட்டிசம் உள்ள பையன், நெட்டை, மணிக்கணக்கில் அசையாமல் நிற்பான், ஆனால் இரைச்சல் கேட்டால் துடித்துப்போவான். சிட்டுக்குக் காது கேட்காது. அணிலுக்கு ஒரு நிமிடம் ஒரே இடத்தில் இருக்க முடியாது. ராஜாளிக்கு மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலி, பேச்சு மெதுவாக வரும், காத்திருந்து கேட்டால் அவ்வளவு தெளிவாகப் பேசுவான்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு பள்ளியில் வேலை பார்த்தபோது ஒரு அறிவியல் சுற்றுலாவில் ஒரு பையனை நான்கு மணி நேரம் பேருந்திலேயே உட்கார வைத்திருந்தோம். அவனையும் கூட்டிப்போனோம் என்று கணக்கு. பேருந்தில் அவனோடு உட்கார்ந்திருந்தது நான்தான், நானும் ஒன்றும் பேசவில்லை. இந்த முறை யாரும் சும்மா கூட வருகிறவர்கள் கிடையாது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலை இல்லாவிட்டால் மற்றவர்களின் ஆய்வும் நின்றுபோக வேண்டும். அப்படித்தான் திட்டம் போடப் போகிறேன்.

பிப்ரவரி 1, சனி

தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சிதம்பரத்தில் இறங்கி கிள்ளை வழியாகப் போனேன். முதலில் பார்த்தது கழிப்பறையைத்தான். கதவின் அகலம், படி, கைப்பிடி எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டேன். இந்த மாதிரிப் பயணங்களில் பாதி வேலை அதுதான், பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவதற்கும் அதுதான் காரணம்.

படகோட்டி அண்ணன் ஒருவரிடம் நீர் வத்தும் நேரம் கேட்டேன். சேற்றுக்கு மேலே நீட்டிக் காற்று வாங்கும் மூச்சு வேர்களைத் தொட வேண்டும் என்றால் சேறு வெளியே தெரிய வேண்டுமே. "இன்னிக்கு அமாவாசை கழிஞ்சு மூணாம் நாள் டீச்சரம்மா. பௌர்ணமி கழிஞ்சு மூணாம் நாள் வாங்க, அன்னிக்கும் இதே நேரந்தான் வத்தும்" என்றார். நாட்காட்டியைப் பார்த்தேன், 12ஆம் தேதி பௌர்ணமி, 15 சனிக்கிழமை. சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வத்தலும் பெரிதாக இருக்கும் என்று பாடத்தில் நடத்துகிறோம். அவர் அதைத் தொழிலாக வைத்திருக்கிறார்.

அவர்தான் தில்லை மரத்தையும் காட்டினார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான், கோயிலின் தல விருட்சமும் இதுதான். ஒரு இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வரும், தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் கொஞ்ச நாளைக்குப் பார்வையே தெரியாது. எனக்கு மைனா ஞாபகம் வந்துவிட்டது. அவள் ஒரு செடியைத் தெரிந்துகொள்வதே விரலாலும் மூக்காலும்தான்.

கொக்குக்காகப் படங்கள் எடுத்தேன். வேன் நிற்கும் இடம், நுழைவு, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, படகு, சேறு, திரும்பும் வழி. இந்த வரிசையில் ஒரு படக்கதை செய்து தினமும் காட்ட வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தொட்டுப் பார்க்கும் வரைபடம் தயார். பழைய பிளைவுட் பலகையில் கடலுக்கு உப்புத்தாள், தண்ணீர் ஓடும் இடமெல்லாம் வழவழ ரெக்சின், காட்டுக்குத் தேங்காய் நார். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டின் முகத்துவாரத்துக்கும் நடுவே காடு.

சிதைந்த காட்டை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வெட்டிய வாய்க்கால்களைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள், மீன்முள் போல. பள்ளத்தில் தேங்கி உப்பேறிப்போன தண்ணீர் அலை ஏறி இறங்கும்போது கழுவிக்கொண்டு போவதற்காக. இதை எதை வைத்துக் காட்டுவது என்று யோசித்து, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை குழம்பில் மிஞ்சிய மீன் முள்ளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோனேன். மைனா தடவிப் பார்த்த இரண்டாவது நொடியில் "நடு முள்ளு பெரிய வாய்க்கால், பக்கத்து முள்ளு சின்ன வாய்க்கால், அவ்ளோதானே மிஸ்?" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் வகுப்பு முழுக்க அந்த முள் சுற்றி வந்தது, கரும்பலகையில் நான் வரைந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

நாளை தைப்பூசம், வடலூர் ஜோதிக்கு ஊரே கிளம்புகிறது. வேன்காரர் இந்த வாரம் பேசவே நேரமில்லை என்கிறார். ஆனால் சனிக்கிழமைக்கு வண்டி உறுதி.

மிதவைச் சட்டை ஒன்றை இரவல் வாங்கி வந்து பத்து நாளாகக் கொக்குவின் நாற்காலியில் மாட்டி வைத்திருந்தேன். முதல் மூன்று நாள் தொடவில்லை. இன்று கணக்கு வகுப்பு முழுக்கப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான், கழற்றச் சொன்னால் மாட்டேன் என்கிறான். உடம்பை இறுக்கமாகப் பிடிக்கும் அழுத்தம் இப்படிச் சில பிள்ளைகளுக்கு நிம்மதி தரும்.

ராஜாளியின் அம்மா ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்தார். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு வருசத்துல இந்தச் சீட்டு எனக்கு வந்ததே இல்ல மிஸ்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அவரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது, தயங்கித் தயங்கிச் சொன்னேன். படகு ஆடும், அதனால் ராஜாளியைக் கரையில் வைத்து ஒரு தட்டில் சேறும் வேரும் கொண்டுவந்து காட்டலாம் என்று நினைக்கிறேன் என்று. ராஜாளி கேட்டுக்கொண்டிருந்தான். நேரம் எடுத்துச் சொன்னான், "தட்டுல, இங்கயே, காட்டலாமே. அங்க எதுக்கு?" 27ஆம் தேதி நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பேருந்தில் உட்கார வைத்த அதே வேலையைத்தான் கொஞ்சம் அழகாகச் செய்யப் பார்த்திருக்கிறேன்.

மாலையில் படகோட்டி அண்ணனுக்கும் இயன்முறை மருத்துவருக்கும் போன் செய்து பேசினேன். படகின் அடியில் மெத்தை, முதுகுக்குச் சாய்மானம், இரண்டு பேர் தூக்க, ஒருவர் படகைப் பிடிக்க. நாளை மறுநாள் பள்ளித் திடலில் பெஞ்சை வைத்துத் தூக்கிப் பழக வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

இரவு பத்தரை. கால் வலிக்கிறது, ஆனால் இன்று எழுதாவிட்டால் மறந்துவிடும்.

மோட்டார் படகு வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன், எல்லாமே துடுப்புப் படகுதான். கொக்குவுக்காக எடுத்த முடிவு. ஆனால் அந்தக் கால்வாய்க்குள் நுழைந்து மரங்கள் மேலே வளைந்து மூடியதும் துடுப்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கூடக் கேட்டது, சேற்றில் எங்கோ 'டப் டப்' என்று ஏதோ வெடித்தது, அதை முதலில் சொன்னது மைனாதான். இத்தனை பிள்ளைகள் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டியதை நான் இதுவரை பார்த்ததில்லை.

சிட்டு விஷயத்தில் முதலில் தப்பு செய்தேன். அவள் எதிரே நன்றாகத்தான் உட்கார்ந்தேன், ஆனால் வெயில் என் முதுகுப் பக்கம், அவளுக்கு என் கை வெறும் கறுப்பு நிழலாகத் தெரிந்திருக்கிறது. பாவம், பத்து நிமிடம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், அப்புறம்தான் கண்ணைச் சுருக்கிக் காட்டினாள். இடம் மாறினோம், வெயில் என் முகத்தில். சைகை மொழி பேசுகிறவர் வெயிலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும், இதை யாராவது வெளியே கூட்டிப்போவதாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சு வேருக்கு எங்களிடம் சைகை இல்லை. அவளே ஒன்று செய்தாள். ஒரு கையைத் தட்டையாகப் பிடித்து, கீழேயிருந்து மற்ற கையின் விரல்களை இடுக்கு வழியே மேலே நீட்டினாள். மதியத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் போட்டார்கள்.

வனத்துறை அனுமதித்த கரையோரம் இறங்கினோம். சேறு கறுப்பு, அழுகின முட்டை நாற்றம். முகம் சுளித்தவர்களிடம் அதுதான் இன்றைய பாடம் என்றேன். அந்தச் சேற்றுக்குள் ஆக்சிஜன் கிடையாது, அது இல்லாமலே வாழும் பாக்டீரியா கடல்நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகிறது, அதன் வாசனை இது. வேருக்கும் மூச்சு வேண்டுமே, கீழே காற்று இல்லாவிட்டால் என்ன செய்யும்? மைனா முட்டி போட்டு உட்கார்ந்து வெண்கண்டல் மரத்தின் வேர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். பென்சில் மாதிரி செங்குத்தாக நிற்கின்றன, அழுத்தினால் பஞ்சு போல அமுங்குகின்றன, மேலே சொரசொரவென்று புள்ளிகள். "இது வரிசையா வருது மிஸ். கீழே ஒரு கயிறு மாதிரி ஓடுது, அதுலேருந்துதான் எல்லாம் முளைக்குது" என்றாள். கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை, ஏனென்றால் அந்தக் கயிறு சேற்றுக்கு அடியில் இருக்கிறது, அவள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள்.

அணிலிடம் எண்ணும் கருவியையும் பி.வி.சி. குழாயில் செய்த அரை மீட்டர்ச் சட்டத்தையும் கொடுத்திருந்தேன். ஒன்பது இடத்தில் சட்டத்தை வைத்து வேர்களை எண்ணினான். ஓடுவதும் எண்ணுவதும்தான் வேலை, யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. கொக்கு அசையாமல் நின்றான், அதனால் ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள ஆண் நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்து அவனுக்குப் பக்கத்திலேயே கொடுக்கை ஆட்டின. மற்றவர்கள் போனால் உள்ளே ஓடிவிடும். "பன்னிரண்டு" என்றான். இன்று அவன் பேசியது அது ஒன்றுதான்.

அப்புறம் நக்கிப் பார்க்கும் சோதனை. வெண்கண்டல் இலையும் சுரபுன்னை இலையும். முதலாவது கரிக்கும், உள்ளே வந்த உப்பை இலையின் சுரப்பி வழியே வெளியே தள்ளுகிறது. இரண்டாவது அப்படிக் கரிக்காது, உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. தில்லைக்குத் தடித்த அட்டையில் வெட்டிய இலையைத்தான் மைனாவிடம் கொடுத்தேன், நிஜ மரத்தின் கீழே படகை நிறுத்திச் சொன்னேன். அவளுக்குத் திருப்தியில்லை. எனக்கும்தான். இதற்கு வேறு நல்ல வழி இன்னும் தெரியவில்லை.

ராஜாளி படகில் வந்தான். தூக்கும்போது அவன் கால் விறைத்துக்கொண்டது, படகோட்டி அண்ணன் அவசரப்படாமல் காத்திருந்தார். நான்கு இடத்தில் தண்ணீர் எடுப்பது அவன் பொறுப்பு, எங்கே எடுப்பது என்று முடிவு செய்வதும் அவன்தான். "நிறுத்துங்க" என்று அவன் சொல்லி முடிக்கும் வரை படகு அங்கேயே நிற்கும். அவன் அம்மா எதிரே உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே வந்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பாட்டில்களைப் பிரித்தால் மார்க்கரில் எழுதிய எழுத்து எல்லாம் அழிந்துபோயிருக்கிறது. நேற்று முழுக்க ஈரத்தில் கிடந்தது. வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் ரப்பர் பேண்ட் ஞாபகம் வந்தது. மைனா எந்தப் பாட்டில் என்று தெரிந்துகொள்வதற்காக முதல் இடத்துக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு என்று மாட்டியிருந்தோம். நான்கும் பத்திரம்.

பிப்ரவரி 20, வியாழன்

பள்ளி மாடியில் ஐந்து எவர்சில்வர் தட்டுகள், தண்ணீரை வெயிலில் வத்தவைத்து மிஞ்சும் உப்பை நிறுக்க. நான்கு பிச்சாவரம், ஒன்று பள்ளி போர் தண்ணீர், ஒவ்வொன்றிலும் 200 மில்லி. காக்கைக்கும் தூசிக்கும் மேலே வலை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதனால் முழுக் கடல்நீராக இருந்தால் தட்டில் 7 கிராம் மிஞ்ச வேண்டும். மாடிக்கு ராஜாளி ஏற முடியாது என்று இன்றுதான் உறைத்தது. தட்டுகளைக் கீழே சத்துணவுக் கூடத்துப் பக்கம் திண்ணைக்கு மாற்றிவிட்டோம், அங்கே வெயில் கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை, ஒரு வாரம் கூட ஆகட்டும்.

பிப்ரவரி 28, வெள்ளி

தேசிய அறிவியல் நாள். சி.வி. ராமன் ஒளிச்சிதறல் பற்றிய தன் கண்டுபிடிப்பைச் செய்தது 1928இல் இதே தேதியில். பிரார்த்தனைக் கூட்டத்தில் ஐந்து தட்டுகளையும் மேசையில் வைத்து ராஜாளி படித்தான். ஐந்து நிமிடம் ஆனது, மைக்கை யாரும் பிடுங்கவில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எடுத்த தட்டில் சமையலறைத் தராசு 8 கிராம் காட்டியது. 7க்கு மேல் எப்படி வரும் என்று அறிவியல் ஆசிரியர் கேட்டார், தராசு சரியில்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.

மைனா உப்பை விரலில் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இது இன்னும் காயல மிஸ். பிசுபிசுங்குது" என்றாள். பார்க்க வெள்ளை வெளேரென்று காய்ந்துதான் இருந்தது. கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வானம் வேறு காலையிலிருந்து மூட்டம். ராஜாளி பலகையில் எழுதிய 8ஐ அடிக்கச் சொன்னான், அணில் ஓடிப்போய் அடித்தான்.

தட்டைச் சத்துணவு அக்காவின் அடுப்பு ஓரம் வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை மறுபடி நிறுக்க வேண்டும்.