பனி பெய்த குன்றில் அம்மாவின் நேர்ச்சை

மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன தோணியில் என் தம்பி இருந்தான். ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த ஒன்பது நாளும் அம்மா தூத்துக்குடி பனிமய மாதா கோவிலே கதி என்று கிடந்தாள். "என் பிள்ளையக் கரை சேர்த்துரு தாயே, நீ பனி பெய்ய வச்ச எடத்துக்கே வந்து கும்பிடுதேன்" என்று நேர்ந்துகொண்டாள். பத்தாம் நாள் போனில் அவன் குரல் கேட்டது. ஆனால் அந்த இடம் இருக்கும் உரோமை வரை போக அம்மாவின் மூட்டுவலி விடவில்லை. அவளுடைய ஜெபமாலையை வாங்கிக்கொண்டு 2025 யூபிலி ஆண்டில் நான் போனேன்.

ஏழு குன்றுகளின் நகரம் என்று பெயர். அங்கே போனால் குன்று கண்ணுக்குத் தெரிவதில்லை, தெரு ஏறும்போது கால்தான் சொல்கிறது. குயிரினால் குன்றில் ஜனாதிபதி மாளிகை, விமினாலில் உள்துறை அமைச்சகம். உரோமைப் பேரரசர்கள் கொலுவிருந்த பாலத்தீனில் இடிந்த செங்கல் சுவர்கள். ஒரு காலத்தில் ஜூப்பிட்டர் கோயில் இருந்த கப்பித்தோல் குன்றில் இப்போது 124 படி ஏறினால் அரச்சேலி மாதா கோவில். செலியன் குன்றில் இலாத்தரன் பேராலயம். அதன் எதிரே, பிலாத்துவின் மாளிகையில் இயேசு ஏறியவை என்று நம்பப்படும் பரிசுத்த படிகள் 28ஐயும் முழங்காலிலேயே ஏறினேன். பாதியில் கண் இருட்டியது. அம்மாவின் மூட்டை நினைத்துக்கொண்டு ஏறி முடித்தேன்.

ஆகஸ்டு 5, எஸ்குயிலின் குன்று. நாலாம் நூற்றாண்டில் இதே கோடை நாளில்தான் மாதா இங்கே பனி பெய்ய வைத்து, லிபேரியுஸ் பாப்பரசருக்குக் கோவில் கட்ட இடம் காட்டினாள் என்பது மரபு. இப்போது நிற்கும் மரியா மஜ்ஜோரே பேராலயம் மூன்றாம் சிக்ஸ்துஸ் காலத்தில், ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை சதுக்கத்தைச் சுற்றி நின்றது. வரிசை இல்லாமல் உள்ளே விடுகிறேன், காசு கொடு என்று ஒருவன் விடாமல் பின்னாலேயே வந்தான். மாதாவைப் பார்க்கக் கட்டணமே கிடையாது! தெரியாத பாவப்பட்ட ஜனங்கள் கொடுத்துவிட்டு நிற்பதைப் பார்க்க வயிறு எரிந்தது.

உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோனது. உரோமை மக்களைக் காக்கும் மாதாவின் படம். அந்தப் பீடத்துக்குப் பக்கத்திலேயே பிரான்சிஸ் பாப்பரசரின் கல்லறை, வெறும் பெயர் மட்டும் வெட்டிய கல். ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னும் பின்னும் இந்த மாதாவிடம் வந்து நின்றவர், கடைசியில் இங்கேயே படுத்துவிட்டார்.

திருப்பலியில் வானவர் கீதம் தொடங்கியது. தங்க விதானத்திலிருந்து, அந்தப் பனியின் நினைவாக, வெள்ளைப் பூவிதழ்கள். முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் கொத்துக் கொத்தாக, சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல் இறங்கின. தஸ்நேவிஸ் மரியே, தஸ்நேவிஸ் மரியே என்று, பனிமய மாதாவின் போர்த்துக்கீசியப் பெயரைச் சொல்லிச் சத்தமாகவே அழுதுவிட்டேன். இதே நாளில் எங்கள் ஊரிலும் அவளுக்குத் திருவிழா. அங்கே பிள்ளையைக் கரை சேர்த்தவள், இங்கே நேர்ச்சையை வாங்கிக்கொள்கிறாள். என்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொண்டுபோன சீட்டு பையிலேயே இருந்தது. நன்றி தாயே என்பதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை.

நான் நின்ற இடத்தில் ஒரு இதழும் விழவில்லை. பூசை முடிந்ததும் முன்வரிசையிலிருந்து வந்த ஒரு இத்தாலியப் பாட்டி என் கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்தார், தன் கைக்குட்டையைப் பிரித்து இரண்டு இதழ்களை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். பாஷை தெரியாமல் அவர் கையைப் பிடித்து முத்தினேன்.

வெளியே வந்து போன் போட்டேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஏட்டி, பனி பெஞ்சிச்சா?"

"பெஞ்சிச்சும்மா."

ஒரு இதழ் அம்மாவின் ஜெபப்புத்தகத்தில், ஓரம் பழுத்து, தாளோடு ஒட்டிக் கிடக்கிறது. இன்னொன்றைத் தம்பி தோணிக்குக் கொண்டுபோயிருக்கிறான்.