கடைசி ரேட்டிங் யாருக்குப் போகிறது?

மார்ச் வந்துவிட்டால் சென்னையில் ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆர் டீக்கடைகளில் ஒரே பேச்சுதான், சம்பள உயர்வை முடிவு செய்யும் ரேட்டிங்கில் யாருக்கு என்ன. வருஷம் முழுக்க என்ன செய்தோம் என்று செல்ஃப் அப்ரைசலில் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் டீமில் ஒருவருக்குக் கடைசி ரேட்டிங் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். பெல் கர்வ் என்றால் அதுதான். எல்லாருமே நன்றாக உழைத்திருந்தாலும் யாரோ ஒருவர் மோசம் என்று பதிவாக வேண்டும்.

ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் காலத்தில் பேர் வாங்கிய முறை இது: ஊழியர்களில் மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10. மைக்ரோசாஃப்ட்டும் பல வருஷம் இதே வழியில் போய், 2013 நவம்பரில் கைவிட்டது. திறமைசாலிகள் இன்னொரு திறமைசாலி இருக்கும் டீமுக்குப் போகவே தயங்கினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. இங்கேயும் பக்கத்து ஆள் தன்னை முந்திவிடக் கூடாதே என்று, தெரிந்ததை டாக்குமென்ட்டில் எழுதாமல் தலைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

முன்பு நான் இருந்த கம்பெனியில் பக்கத்து சீட்டில் ஒரு தோழி. ராத்திரி தானாக ஓடும் பேட்ச் ஜாப் பாதியில் நின்றுபோனால், அது விட்டுச்சென்ற பதிவை, அதாவது லாகைப் பார்த்தே எந்த ஃபைலில் தேதி தப்பாக வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மகப்பேறு விடுப்பு முடிந்து அவர் திரும்பி வந்த வருஷம், கடைசி ரேட்டிங் அவருக்குத்தான். "நீங்க ஆறு மாசம் இல்லையேம்மா, மத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாராம் மேனேஜர். "இருந்த ஆறு மாசத்துக்கு என்ன சார்?" என்று இவர் கேட்டதும், லேப்டாப்பை இவர் பக்கம் திருப்பி எக்செல் ஷீட்டைக் காட்டியிருக்கிறார். எல்லாருடைய வரிசையும் நிரம்பியிருந்தது, மிச்சமிருந்த கட்டம் ஒன்றே ஒன்று. தன் கையில் எதுவும் இல்லை என்பதற்கு அது சாட்சியாம்! 2017-ல் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள், நல்ல விஷயம். அந்த 26 வாரத்துக்கான விலையை ரேட்டிங்கில் வசூலித்தால் அப்புறம் அது என்ன உரிமை?

அதே கம்பெனியில் வேறொரு டீம் லீடும் இருந்தார். ரேட்டிங்கைச் சரிக்கட்டும் மீட்டிங்குக்கு, தன் டீம் ஆட்களைப் பாராட்டி கிளையன்ட் அனுப்பிய மெயில்களை அச்செடுத்துக்கொண்டு போவார். கேட்டது எல்லாம் கிடைக்காது. திரும்பி வந்ததும் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு, "கேட்டேன், தரலை. என்ன காரணம் சொன்னாங்கன்னு சொல்றேன், உட்காருங்க" என்பார். சம்பள உயர்வு குறைந்தாலும் அவர் டீமை விட்டு யாரும் சுலபத்தில் போகவில்லை. தலைமை என்றால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

இப்படி மறைக்காமல் நேராகப் பேசுவது பெரிய பதவியில் இருப்பவர்களுக்கும் கைகூடாத காரியம் இல்லை. 2014 அக்டோபரில் ஒரு மாநாட்டு மேடையில் மைக்ரோசாஃப்ட் சிஇஓ சத்யா நாதெள்ளா, பெண்கள் சம்பள உயர்வு கேட்காமல் அமைப்பை நம்பிக் காத்திருக்கலாம் என்கிற மாதிரி பேசிவிட்டார். எதிர்ப்பு கிளம்பியதும், நான் சொன்னது முழுக்கத் தவறு என்று அன்றைக்கே ஊழியர்களுக்கு எழுதினார். அந்தப் பேச்சு எனக்குக் கோபம் வரவழைத்தது. ஆனாலும் சுற்றி வளைக்காமல் ஒத்துக்கொண்டாரே, அதை மதிக்கிறேன்.

இப்போது இருக்கும் இடத்தில் ஹெச்.ஆரிடம் நான் கேட்டிருப்பது ஒன்றுதான். மகப்பேறு விடுப்பில் போனவர்களை அந்த வருஷம் கர்வில் சேர்க்காதீர்கள், முந்தைய வருஷ ரேட்டிங்கையே தொடருங்கள். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. ஏப்ரலில் லெட்டர் வருவதற்குள் மறுபடியும் கேட்பேன், இந்த முறை டவுன்ஹால் என்கிற கம்பெனிப் பொதுக்கூட்டத்தில் எல்லார் முன்னாலும்.