ஆடிக்கு முன்னால் ஒரு வீட்டுக் கடன்

"சிபில்ல பிரச்சனை யாருக்கு சார், மேடத்துக்கா?"

வங்கி அதிகாரி என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அதுவரை பேச்சு முழுக்க அவரோடுதான். நான் ஃபைலைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பான் எண்ணையும் தட்டிப் பார்த்தார். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்குப் போடும் மதிப்பெண்தான் இந்த சிபில் ஸ்கோர். எனக்கு 781, என் வீட்டுக்காரருக்கு 618. அப்புறம்தான் அதிகாரியின் நாற்காலி என் பக்கம் திரும்பியது.

மதுரையில் ஆனையூர்ப் பக்கம் 34 லட்சத்துக்கு ஒரு வீடு. 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, எங்கள் இருவர் பெயரிலும் அக்ரிமெண்ட் போட்டு, ஆனிக்குள் கிரயம் என்று பேசியிருந்தோம். ஆடி பிறந்துவிட்டால் விற்பவரும் எழுதித் தர மாட்டார், என் மாமியாரும் விட மாட்டார். எங்களுக்கு வேண்டியது 28 லட்சம். எனக்குத் தனியார் கல்லூரியில் வேலை, பிடித்தம் போக 41,000 கைக்கு வரும். அவருக்கு டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் செல்போன் கடை, மூன்று வருட வருமான வரிக் கணக்கு உண்டு. இரண்டையும் சேர்த்தால் தாராளமாகக் கிடைக்கும் என்று நம்பிப் போனோம்.

அவருடைய போனில் ஒரு ஆப் 702 என்று காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பியது முதல் தப்பு. நம் நாட்டில் ஸ்கோர் போடும் நிறுவனங்கள் நான்கு. ஆப் ஒன்றிடம் வாங்கிக் காட்டும், வங்கி இன்னொன்றிடம் எடுக்கும். தவிர, எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. நான்கு நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை முதலிலேயே இறக்கி வரிவரியாகப் படித்திருந்தால் எங்களுக்கு இரண்டு மாதம் மிச்சம்.

அவர் ரிப்போர்ட்டில் சிக்கலாக இருந்தது ஒரே ஒரு சொல்: 'செட்டில்டு'. 2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது கிரெடிட் கார்டில் 62,000 நின்றது. மறு வருடம் வசூல் ஆள் ஒருவர், "38,000 கட்டுங்க, கணக்கு முடிஞ்சுபோகும்" என்றார். கட்டினோம். மிச்சம் 24,000 தள்ளுபடியானதில் இவருக்கு அன்று ஒரே சந்தோஷம். ஆனால் அப்படி முடிப்பது 'க்ளோஸ்டு' ஆகாதாம். முழுசாகக் கட்டாத ஆள் என்றுதான் அர்த்தமாம். இதை அந்த வசூல் ஆள் ஏன் சொல்லப் போகிறார்?

இதற்குள் வீட்டுக் கடன் ஏஜெண்ட் ஒருவர், "நான் முடிச்சுத் தர்றேன் அக்கா" என்று பான், ஆதார் எல்லாம் வாங்கிப் போனார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான்கு இடத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டார். ஒவ்வொரு இடத்திலும் ஸ்கோரை எடுத்துப் பார்க்க, எனக்கு இருந்த 781-உம் 764 ஆனது. ஏஜெண்டிடம் கொடுப்பதென்றால் எந்த வங்கி என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

முதல் வங்கி, சேர்ந்து போட்டால் வட்டி 9.25 என்றது, எனக்கு மட்டும் என்றால் 8.5. இருபது வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் 3 லட்சத்துக்கு மேல். அதற்கும் தலையாட்டினோம். பத்து நாள் கழித்து மேலிடத்தில் அதையும் நிராகரித்துவிட்டார்கள்.

சரி, கார்டு பாக்கியைக் கட்டித் தொலைப்போம் என்று, கார்டு வாங்கிய கிளைக்குப் போனோம். "கார்டு எங்க வேலை இல்லைங்க, சென்னைக்கு மெயில் போடுங்க." மெயில் போட்டால் பதில் இல்லை. சித்திரைத் திருவிழா வந்து அந்த வாரமும் போனது. மூன்றாவது மெயிலுக்குத்தான் 24,000 கட்டலாம் என்று பதில் வந்தது. அன்றே கட்டினோம். பாக்கி இல்லை என்ற கடிதம் கைக்கு வர ஐந்து வாரம். அதற்குள் வைகாசி ஓடிவிட்டது, விற்பவர் தினமும் போன் செய்ய ஆரம்பித்தார்.

வேறொரு வங்கியில் இருந்த ஒரு பெண் அதிகாரிதான் வழி சொன்னார். "மேடம், வீட்டை உங்க பேருக்கு மட்டும் வாங்குங்க. சாரை விட்டுருங்க." பத்திரத்தில் பெயர் இருப்பவர் எல்லாரும் கடனிலும் இருக்க வேண்டும் என்பார்கள், அவர் பெயர் பத்திரத்தில் இல்லை என்றால் அவர் ஸ்கோர் யாருக்கும் தேவையில்லை. முதல் வங்கிக்காரர், "சாரை ஜாமீன் போடச் சொல்லுங்க" என்று ஒரு யோசனை சொல்லியிருந்தார். ஜாமீன் போட்டாலும் அதே 618-தான் வந்து நிற்கும் என்று இந்தப் பெண் அதிகாரிதான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

என் சம்பளத்துக்கு 20 வருடத்தில் 23 லட்சம்தான் வந்தது. எனக்கு 34 வயது என்பதால் 25 வருடம் போட்டு 25 லட்சமாக ஏற்றினார். குறைந்த 3 லட்சத்துக்கு ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோம், நஷ்டத்தோடுதான். பத்திரச் செலவு 9 சதவீதம், அதாவது 3 லட்சத்துக்கு மேல், வங்கி தராது. அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தது என் அப்பா புண்ணியம்.

அக்ரிமெண்டை என் பெயருக்கு மட்டும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. விற்பவர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வீட்டில்தான் பெரிய பஞ்சாயத்து. "ஆம்பளை பேர் இல்லாம ஒரு வீடா?" என்றார் மாமியார். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா, என் பேர் இருந்தா வீடே இல்லம்மா" என்றார். எனக்கே பாவமாகத்தான் இருந்தது.

லீகல், வேல்யூவேஷன், வில்லங்கம் எல்லாம் ஒன்பது நாளில் முடிந்தன. ஆனி 26-இல் கிரயம். சார்பதிவாளர் அலுவலகத்தில் நான் ரேகை வைத்தேன். அவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்.

அவர் ரிப்போர்ட்டில் 'க்ளோஸ்டு' இன்னும் ஏறவில்லை. கடிதத்தை இணைத்து ஸ்கோர் நிறுவனத்துக்குப் புகார் போட்டிருக்கிறேன். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், தாமதப்படுத்திய வங்கியோ ஸ்கோர் நிறுவனமோ நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தர வேண்டும். இன்றோடு 19 நாள். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.