ஃபரீத் அல் அத்ராஷ்: ஊத் கேட்ட வாரம்

டிசம்பர் 20, புதன்

இந்த வாரம் அரபுப் பாடகரும் இசையமைப்பாளரும் நடிகருமான ஃபரீத் அல் அத்ராஷை மட்டுமே கேட்பதென்று முடிவு செய்திருக்கிறேன். சிரியாவின் ஜபல் துரூஸ் மலைப்பகுதியில் துரூஸ் என்னும் சிறுபான்மைச் சமயத்தாரிடையே பெயர்பெற்ற குடும்பத்தில் பிறந்த இவர், பிரெஞ்சு ஆட்சியின் கெடுபிடிக்குத் தப்பி, தாய் அலியாவுடனும் உடன்பிறந்தாருடனும் சிறுவனாகக் கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தவர். அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் குடும்பப் பெயரை மறைத்துக் ‘கூசா’ என்று பதிந்தார்கள். அரபு வீடுகளில் அரிசி அடைத்துச் சமைக்கும் ஒரு காயின் பெயர் அது. வகுப்பில் என்ன பாடுபட்டிருப்பாரோ! தாய் அலியா பாடவும், ஊத் என்னும் அரபு நரம்பு வாத்தியத்தை வாசிக்கவும் தெரிந்தவர். பின்னாளில் எகிப்திய இசையமைப்பாளர் ரியாத் அல் சுன்பாத்தியிடம் ஊத் பயின்றார் ஃபரீத்.

டிசம்பர் 22, வெள்ளி

தங்கை அஸ்மஹானும் அவரும் சேர்ந்து நடித்த ‘இன்திசார் அல் ஷபாப்’ 1941இல் வெளிவந்தது. பாடல்களுக்கு இசை ஃபரீத். மூன்றே ஆண்டுகளில், 1944 ஜூலை 14 அன்று, கார் கால்வாய்க்குள் விழுந்து அஸ்மஹான் இறந்துபோனார். ஃபரீதின் குரலிலுள்ள துயரத்தையெல்லாம் அந்த ஒரு சாவில் கொண்டுபோய் முடிச்சுப்போடும் வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. 1947இல் நடனத் தாரகை சாமியா கமாலுடன் நடித்த ‘ஹபீப் அல் உம்ர்’ படத்தில் வரும் ‘யா ஸஹ்ரத்தன் ஃபீ கயாலி’ டாங்கோ தாளத்தில் துள்ளுகிறதே! இத்தனை மெட்டுப் போட்டும், எகிப்தின் பெரும் பாடகி உம்மு குல்தூம் அவற்றில் ஒன்றையும் கடைசிவரை பாடவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

இன்றிரவு ‘அவ்வல் ஹம்ஸா’ மேடைப் பதிவு. பாட்டுக்கு முன் அவர் தனியே, மனோதர்மமாக வாசிக்கும் தக்ஸீமுக்காகவே இதை மூன்று முறை கேட்டேன். ஊத்தின் கழுத்தில் மெட்டுக்கட்டைகள் கிடையாது. ஆகவே மக்காமுக்கு, அதாவது அரபு இசையின் ராகத்துக்கு, வேண்டிய, அரைச் சுரத்திலும் நுண்ணிய இடைவெளிகளை விரலே தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு சுரத்தில் நின்று, அதையே மீட்டி மீட்டி, கூட்டம் பொறுக்கமாட்டாமல் குரல் கொடுக்கும்வரை அவர் இறங்குவதில்லை. இடையே ஸ்பெயினின் அல்பெனிஸ் எழுதிய ‘அஸ்தூரியாஸ்’ தலைகாட்டுகிறது, அரங்கு ஆர்ப்பரிக்கிறது. முப்பத்தொரு படங்களின் நாயகனைவிட, இந்தச் சில நிமிடங்களின் வாத்தியக்காரரே எனக்கு நெருக்கமானவர்.

டிசம்பர் 26, செவ்வாய்

1974இல் இதே நாளில் பெய்ரூட்டில் மறைந்தார்; நெடுநாள் இதய நோய். திருமணம் செய்துகொள்ளவில்லை. உடலைக் கெய்ரோவுக்குக் கொண்டுவந்து அஸ்மஹானின் அருகில் அடக்கம் செய்தார்கள். வசந்த விழாக் கச்சேரிகளில் அவர் பாடிவந்த ‘அல் ரபீ’ பாடலைக் காலையில் போட்டேன். வசந்தம் திரும்பி வருகிறது, காதலி வரவில்லை என்னும் பாட்டு அது. மார்கழிக் குளிரில் கேட்கத் தகுந்ததில்லைதான். இருந்தும் முழுவதும் கேட்டேன்.